படகு நிற்க வேண்டிய அறையில் நம் கட்டில்: கிரேக்க மீனவக் கிராமத்தில் விடுமுறை எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

அந்தப் படத்தை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். நீலக் கடல். கடலுக்குக் கால் நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில் ஒரு வரிசை வெள்ளை வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறத்தில் கதவு: சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். ஒரு கதவுக்கு முன்னால் தொப்பி போட்ட ஒருவர் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருப்பார். கீழே ‘கிரேக்கத்தின் பாரம்பரிய மீனவக் கிராமம்’ என்று எழுதியிருக்கும். நண்பர்கள் குரூப்பில் யாராவது ஒருவர் அதை ஷேர் செய்து, ‘அடுத்த வருஷம் இங்கதான்’ என்று போட்டிருப்பார்.

பெரும்பாலும் அது மிலோஸ் தீவில் இருக்கும் கிளிமா என்கிற குட்டிக் கிராமம். படம் பொய் இல்லை, அந்த இடம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால், அந்தக் கலர் கதவு எதற்காக வைக்கப்பட்டது என்று கேட்டால், கதை கொஞ்சம் மாறும். வாடகைப் பணத்தை அனுப்பும் முன் அந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது?

படகு. அவ்வளவுதான்.

இந்த வீடுகளுக்கு அங்கே ‘சிர்மத்தா’ என்று பெயர். இழுப்பது என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மிலோஸ் ஓர் எரிமலைத் தீவு. கரையோரப் பாறை மென்மையானது, எளிதில் குடையலாம். குளிர்காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது படகை வெளியே விட்டுவைக்க முடியாது என்பதால், மீனவர்கள் பாறையைக் குடைந்து, நீர் மட்டத்தை ஒட்டியே அறைகள் அமைத்தார்கள். கீழ்த்தளத்தில் படகும் வலையும், மேலே குடும்பம். கதவு ஏன் இவ்வளவு அகலம் என்றால், படகின் அகலம் அது. ஏன் இந்தக் கலர் என்றால், தன் படகுக்கு அடித்த பெயின்ட்டையே கதவுக்கும் அடிப்பார்களாம்; கடலில் இருந்து திரும்பும்போது தன் வீடு எது என்று தூரத்திலேயே தெரியும் என்று உள்ளூரில் ஒரு பேச்சு.

கிளிமாவில் மட்டுமல்ல, ஃபிரோபொட்டமோஸ், மண்டராக்கியா என்று மிலோஸின் கரையைச் சுற்றி இப்படிப் பல இடங்கள் உண்டு. மொத்தத் தீவிலும் சுமார் 5,000 பேர்தான் நிரந்தரமாக வாழ்கிறார்கள். நம்மூரில் ஒரு பெரிய அப்பார்ட்மென்ட் வளாகத்தின் கூட்டம்!

வேடிக்கை என்னவென்றால், மிலோஸ் நீண்ட காலம் சுற்றுலாவை நம்பிய தீவே கிடையாது. சுரங்கத்தை நம்பிய தீவு. கற்கால மனிதர்கள் கத்தி செய்ய எரிமலைக் கண்ணாடிக் கல்லை இங்கிருந்துதான் எடுத்துப்போனார்கள். பிறகு கந்தகம், இன்றைக்கும் பென்டோனைட், பெர்லைட். உலகப் புகழ்பெற்ற ‘வீனஸ் டி மிலோ’ சிலை கிடைத்ததும் 1820-ல் இந்தக் கிளிமாவுக்கு மேலே உள்ள சரிவில்தான். சிலை இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. தீவுக்காரர்களுக்கு பிளாக்கா ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு நகல் இருக்கிறது. இந்தத் தீவின் நல்ல பொருளை யாரோ எடுத்துப்போவது புதுக்கதை இல்லை.

இப்போது உள்ளே என்ன இருக்கிறது?

பல கதவுகளுக்குப் பின்னால் இப்போது டபுள் பெட், ஏசி, வைஃபை. படகு நின்ற அறை, தங்கும் அறை ஆகிவிட்டது. கோடை மாதங்களில் இவற்றுக்கு அடிதடி. குளிர்காலம் வந்தால் பெரும்பாலானவை பூட்டிக் கிடக்கும்.

சட்டென்று ‘டூரிஸ்ட் வந்து கெடுத்துட்டான்’ என்று முடிவுக்கு வந்துவிடலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதி கடலில் நடந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் எண்ணிக்கையில் அதிக மீன்பிடிப் படகுகள் வைத்திருக்கும் நாடு கிரேக்கம். அவற்றில் 90 சதவீதத்துக்கும் மேல் சின்னப் படகுகள். ஒரு ஆள், அதிகம் போனால் அப்பாவும் மகனும். 1990-கள் தொடங்கி, கடலில் மீன்வளம் குறைகிறது, எனவே படகுகளைக் குறைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தால் இழப்பீடு உண்டு. நிபந்தனை, படகை உடைக்க வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான மரப் படகுகள், ‘கைக்கி’ என்று அழைக்கப்படும் கையால் செய்த பாரம்பரியப் படகுகள், பொக்லைன் வைத்து நொறுக்கப்பட்டன. தாத்தா காலத்துப் படகை நொறுக்குவதைக் கரையில் நின்று பார்த்தபடி பணம் வாங்கிக்கொண்டார்கள். வயதாகிவிட்ட மீனவருக்கு வேறு வழியும் இல்லை. மகன் ஏதென்ஸிலோ ஜெர்மனியிலோ வேலைக்குப் போயிருப்பான்.

திட்டத்தின் நோக்கம் சரிதான், மீன்வளம் உண்மையாகவே சரிந்துகொண்டிருந்தது. ஆனால், கடலை அதிகம் சுரண்டியது பெரிய இழுவலைப் படகுகள், மரப்படகுக்காரர் அல்ல. உரிமத்தை ரத்து செய்துவிட்டு, படகை உல்லாசப் படகாகவோ காட்சிப் பொருளாகவோ வைத்துக்கொள்ள எல்லோரையும் அனுமதித்திருக்கலாம். அதைச் செய்யாதது பெரிய தவறு என்பது நம் கருத்து. படகு போனதோடு அதைச் செய்யத் தெரிந்த தச்சர்களும் போய்விட்டார்கள்.

படகு போன பிறகு, படகு அறை எதற்கு? அந்த இடத்துக்குத்தான் நாம் வந்து சேர்ந்தோம்.

மிச்சம் இருப்பவர்களுக்கும் தொழில் சுலபமாக இல்லை. மிலோஸுக்குப் பக்கத்தில் பொலியேகோஸ் என்கிற ஆளில்லாத் தீவு இருக்கிறது. அழிவின் விளிம்புக்குப் போன மத்தியதரைக்கடல் துறவி சீல்களின் முக்கியமான இனப்பெருக்க இடம் அது. சீல் வந்து வலையில் உள்ள மீனைத் தின்றுவிட்டு, வலையையும் கிழித்துவிட்டுப் போகும். பாதுகாக்கப்பட்ட உயிரினம் என்பதால் எதுவும் செய்ய முடியாது. தெற்கே ரோட்ஸ், கிரீட் பக்கம் இன்னொரு தலைவலி: சூயஸ் கால்வாய் வழியாக நுழைந்த அந்நிய மீன்கள். நம் இந்தியப் பெருங்கடலின் சிங்கமீன் இப்போது அங்கே சர்வசாதாரணம். விஷமுள்ள ஒரு வகைப் பேத்தை மீனும் வந்து, தூண்டில் நரம்பையே கடித்துத் துண்டாக்குகிறது. கடல் சூடாகச் சூடாக இவை வடக்கே நகர்கின்றன.

அப்படியானால் அறையை வாடகைக்கு விடுவது தப்பா?

இதுதான் சங்கடமான கேள்வி. அந்த அறையின் சொந்தக்காரர் பல நேரம் மீனவரின் மகளோ பேரனோதான். விடியற்காலை எழுந்து, டீசல் போட்டு, கிழிந்த வலையைத் தைத்து சம்பாதிப்பதைவிட, கோடையில் சில வாரம் அறையை விட்டால் நிம்மதியான வருமானம். ‘நீங்கள் ஏழையாகவே மீன் பிடித்துக்கொண்டிருங்கள், நாங்கள் வந்து போட்டோ எடுக்கிறோம்’ என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

பிரச்சினை, ஒரு குடும்பம் ஓர் அறையை விடுவதில் இல்லை. தீவு மொத்தமும் அப்படி மாறும்போது வருகிறது. 2023-ல் கிரேக்கத்துக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 3 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். நாட்டின் மக்கள்தொகையோ சுமார் ஒரு கோடி. தீவுகளில் இதன் விளைவை முதலில் அனுபவித்தவர்கள் யார் தெரியுமா? பள்ளி ஆசிரியர்களும் டாக்டர்களும். அரசு அவர்களைத் தீவுக்கு மாற்றல் செய்யும். அங்கே போனால் தங்க வீடு கிடைக்காது. கிடைத்தாலும், சீசன் தொடங்கியதும் ‘காலி பண்ணுங்க’ என்பார்கள். ஆசிரியர் வராத ஊரில் குழந்தையுள்ள குடும்பம் எப்படி இருக்கும்? அவர்களும் கிளம்புவார்கள். கடைசியில் மீனவக் கிராமம் என்ற பெயர் மட்டும் மிஞ்சும். பாரோஸ் தீவின் நவுசா துறைமுகத்தைப் போய்ப் பாருங்கள். இன்னும் சில மீன்படகுகள் நிற்கின்றன. அவற்றைச் சுற்றி முழுக்க காக்டெய்ல் பார்.

உள்ளூர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 2023 கோடையில் அதே பாரோஸில் மக்கள் துண்டோடு கடற்கரைக்கு வந்து போராடினார்கள். கிரேக்கச் சட்டப்படி கடற்கரை பொதுச்சொத்து. ஆனால் ஹோட்டல்காரர்கள் குடையும் சாய்வு நாற்காலியும் போட்டு முழுக்க அடைத்துவிட்டார்கள், எங்கள் துண்டை விரிக்க இடம் எங்கே என்பதுதான் கோரிக்கை. ‘துண்டு இயக்கம்’ என்று பெயரே வந்துவிட்டது. அடுத்த ஆண்டு அரசு விதிகளை இறுக்கியது. ஆக்கிரமிப்பைப் பார்த்தால் புகார் தர ‘மைகோஸ்ட்’ என்று ஒரு செயலியும் விட்டது. மிலோஸிலேயே 2025 தொடக்கத்தில், நிலவின் தரை போல வெள்ளையாக இருக்கும் சராகினிகோ கடற்கரைக்கு அருகே ஒரு ஹோட்டலுக்குப் பள்ளம் தோண்டினார்கள். படங்கள் பரவி, எதிர்ப்பு கிளம்பி, வேலை நிறுத்தப்பட்டது.

அரசு நம்மிடம் என்ன கேட்கிறது?

காசு. தங்குமிடத்துக்கு ‘காலநிலை நெருக்கடி’ கட்டணம் என்று ஒன்று இருக்கிறது. 2025 நிலவரப்படி, குறுகிய கால வாடகை அப்பார்ட்மென்ட் என்றால் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓர் இரவுக்கு 8 யூரோ, மற்ற மாதங்களில் 2 யூரோ. ஐந்து இரவு தங்கினால் 40 யூரோ. புக்கிங் தொகையில் பல நேரம் இது சேர்ந்திருக்காது, போன இடத்தில் தனியாகக் கேட்பார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். சொகுசுக் கப்பலில் வந்து இறங்குபவர்களுக்கும் 2025 ஜூலை முதல் கட்டணம்: சான்டோரினி, மிக்கோனோஸ் என்றால் உச்ச சீசனில் தலைக்கு 20 யூரோ.

இதில் இன்னொரு விஷயம். முறையாகப் பதிவு செய்த வாடகை இடத்துக்கு அரசு ஒரு பதிவு எண் கொடுக்கும், விளம்பரத்தில் அது இருக்க வேண்டும். எண் இல்லாத இடத்தைத் தவிர்ப்பது உங்களுக்கும் பாதுகாப்பு.

விசா பற்றி சுருக்கமாக: ஷெங்கன் விசா, கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது குதிரைக்கொம்பு, சீக்கிரம் தொடங்குங்கள்.

எப்போது போவது?

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

கூட்டம், விலை, வெயில் மூன்றும் ஒரு காரணம். நான்காவது காரணம் காற்று. கோடை உச்சத்தில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து ‘மெல்டேமி’ என்கிற காற்று நாள்கணக்கில் வீசும். வானம் பளிச்சென்று இருக்கும், கடல் மட்டும் கொதிக்கும். காற்று மிகவும் பலமானால் துறைமுக அதிகாரிகள் ஃபெர்ரியை நிறுத்திவிடுவார்கள். ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து மிலோஸுக்கு வேகக் கப்பலில் சுமார் மூன்று மணி நேரம், சாதாரணக் கப்பலில் அதைவிட இரண்டு மடங்கு வரை ஆகலாம். காற்றில் வேகக் கப்பல்தான் முதலில் படுத்துவிடும். எனவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாள் தீவில் இருக்காதீர்கள். ஓர் இரவாவது ஏதென்ஸில் ஒதுக்குங்கள். இந்த ஒரு விஷயத்தைக் கேட்காமல் டிக்கெட்டைக் கோட்டைவிட்டவர்கள் எத்தனையோ பேர்.

மே கடைசி, ஜூன் முதல் பாதி, செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் பாதி. இதுதான் சரியான நேரம். செப்டம்பரில் கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். முக்கியமாக, ஊர்க்காரர்களுக்கு உங்களோடு பேச நேரம் இருக்கும்.

எங்கே தங்குவது, எப்படி இருப்பது?

சிர்மத்தாவில் ஒரு இரவு தங்கினால்தான் ஆச்சு என்றால் தங்குங்கள், குற்றவுணர்ச்சி வேண்டாம். வீட்டுக்காரர் அதே தீவில் வாழ்பவரா என்று மட்டும் பாருங்கள். ஆனால் நாள் முழுக்க உங்கள் வாசலில் யாரோ போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள்; அலை பெரிதானால் வாசல் நனையும்; பாறை அறை என்பதால் கொஞ்சம் ஈரவாடை இருக்கும். மேலே மலைமீது உள்ள திரிப்பிட்டி, பிளாக்கா ஊர்களிலோ, துறைமுகமான அடமாஸிலோ தங்கிக்கொண்டு, மாலையில் கிளிமாவுக்கு இறங்கி வந்து சூரியன் மறைவதைப் பார்ப்பது எங்கள் சாய்ஸ். ஸ்கூட்டரோ காரோ எடுப்பதாக இருந்தால், சர்வதேச ஓட்டுநர் அனுமதியை இங்கேயே ஆர்டிஓ-வில் வாங்கிக்கொண்டு போங்கள்.

தண்ணீர் அங்கே அருமையான பொருள். மழை குறைவான தீவுகள் இவை. மிலோஸில் கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் குழாயில் விடுகிறார்கள். கோடை வறட்சியில் வாழ்ந்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று, கழிவறையில் டிஷ்யூ பேப்பரைப் போட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. குழாய்கள் சிறியவை, அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் குப்பைக்கூடை இருக்கும், அதில்தான் போட வேண்டும்.

கலர் கதவுகளில் சிலவற்றுக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அவர்கள் வாசல் திண்ணையில் உட்கார்ந்து போஸ் கொடுப்பது, நம் வீட்டுத் திண்ணையில் யாரோ வந்து உட்கார்ந்து செல்ஃபி எடுப்பது மாதிரிதான். காய்கிற வலையை மிதிக்காதீர்கள். கேட்டால் சிரித்துக்கொண்டே படம் எடுக்க விடுவார்கள்.

தட்டில் வருவது எந்தக் கடல் மீன்?

மீனவக் கிராமத்துக்குப் போய்விட்டு மீன் சாப்பிடாமல் வர முடியுமா? ஆனால், கரையோர உணவகமான ‘டவர்னா’வில் தட்டில் வைப்பதெல்லாம் எதிரே நிற்கும் படகில் இருந்து வந்தது என்று நம்பிவிடாதீர்கள். நம்மூரில் மீன்பிடித் தடைக்காலம் இருப்பது போல, கிரேக்கத்திலும் இழுவலைப் படகுகளுக்குக் கோடை மாதங்களில் தடை. அதாவது, டூரிஸ்ட் குவியும் நேரத்தில் இழுவலைப் படகுகள் கடலுக்குப் போகாது. சின்னப் படகுகள் கொண்டுவருவது கொஞ்சம்தான். மிச்சத் தேவையை ஈடுகட்டுவது உறைய வைத்ததும், இறக்குமதியும், பண்ணை மீனும். கயிற்றில் அழகாகக் காயும் ஆக்டோபஸ்கூட வெளிநாட்டிலிருந்து உறைந்து வந்ததாக இருக்கலாம்.

பண்ணை மீனில் தப்பில்லை. கடல் பண்ணை வளர்ப்பில் கிரேக்கம் பெரிய கை. ஒரே சைஸில் தட்டுக்குச் சரியாக அமையும் ‘சிப்பூரா’ என்றால் பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்தது. தெரிந்து சாப்பிட்டால் போதும். உறைந்த பொருள் என்றால் மெனுவில் நட்சத்திரக் குறியோ சுருக்கக் குறிப்போ போட வேண்டும் என்பது அங்கே விதி. மெனு கார்டின் அடியில் பொடி எழுத்தைப் படியுங்கள்.

பெரிய மீனுக்கு விலை கிலோ கணக்கு. மெனுவில் போட்டிருப்பது கிலோ விலை, தட்டு விலை இல்லை! ஆர்டர் செய்யும் முன் மீனைக் காட்டச் சொல்லி, எடை போட்டு, விலை கேட்டுக்கொள்வது அங்கே சாதாரணம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

எங்கள் சிபாரிசு சின்ன மீன். ‘காவ்ரோஸ்’ என்பது நெத்திலி வகை, ‘சர்தேலா’ நம் மத்தியின் சொந்தக்காரன், ‘குட்சொமூரா’ நவரை மீன் மாதிரி. மாவில் புரட்டி மொறுமொறுவென்று பொரித்து, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். விலை குறைவு. ‘இன்னைக்கு என்ன வந்திருக்கு?’ என்று கேளுங்கள். ஒன்றும் வரவில்லை என்று பதில் சொல்லும் கடை நல்ல கடை. சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம்: பட்டாணிப் பருப்பு மசியலான ஃபாவா, அரிசி அடைத்த தக்காளி, மிலோஸின் குட்டிச் சீஸ் பணியாரமான பிட்டராக்கியா எல்லாம் இருக்கிறது.

காசு நேராக மீனவர் கைக்கே போக வேண்டும் என்று நினைத்தால் அதற்கும் வழி உண்டு. உரிமம் பெற்ற மீனவர்கள் பயணிகளைத் தங்கள் படகிலேயே கூட்டிப்போய், வலை இழுப்பதைக் காட்டி, பிடித்த மீனைச் சமைத்துத் தரச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ‘பெஸ்கா டூரிசம்’ என்பார்கள். பார்ட்டி மியூசிக் போடும் உல்லாசப் படகுச் சவாரியும் இதே பெயரில் விற்கப்படலாம். படகின் மீன்பிடி உரிமம் உண்மையானதா, வலை யார் இழுப்பார்கள் என்று முன்பே கேட்டுவிடுங்கள். இப்படி ஒரு வருமானம் நிலைத்தால், அந்தப் படகை உடைக்கக் கொடுக்காமல் வைத்துக்கொள்ள ஒரு மீனவருக்குக் காரணம் கிடைக்கும்.

கிளிமாவிலோ வேறு எங்கோ இடம் பார்த்துவிட்டீர்கள் என்றால், புக் செய்யும் முன் வீட்டுக்காரருக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். ஏசி இருக்கிறதா, வைஃபை வேகமா என்பதோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்: உங்கள் குடும்பத்தில் இன்னும் யாராவது கடலுக்குப் போகிறார்களா? காலையில் மீன் எந்தக் கரையில், எத்தனை மணிக்கு இறங்கும்? பதில் வந்தால், அந்த நேரத்துக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.